16 பிட் புகைப்படத்தை இணையத்துக்காகச் சுருக்குதல்: வானில் பட்டை விழாமல், பட்டின் நிறம் கெடாமல்

24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த ரா கோப்பை, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பை, வண்ணம் திருத்தி, சுருக்கம் எதுவும் இல்லாத 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமித்தால் அது 144 எம்பி வரும். 6000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம், ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு பைட் என்று பெருக்கினால் இந்தக் கணக்கு வந்துவிடும். இவ்வளவு பெரிய கோப்பை மின்னஞ்சலில் இணைக்க முடியாது. பெரும்பாலான உலாவிகள் டிஃப் கோப்பைத் திறந்து காட்டுவதும் இல்லை. ஆகவே பகிர வேண்டும் என்று முடிவு செய்த அடுத்த கணமே, இந்தப் படத்தை ஏறத்தாழ ஒரு எம்பிக்குள் அடங்கும் ஜேபெக் கோப்பாக மாற்றும் வேலை நம் முன் வந்து நிற்கிறது.

இந்தச் சுருக்கத்துக்குள் நான்கு இழப்புகள் அடங்கியிருக்கின்றன. பிக்சல்களின் எண்ணிக்கை குறைகிறது. விரிந்த வண்ணவெளியிலிருந்து (கோப்பின் எண்கள் குறிக்கக்கூடிய நிறங்களின் எல்லையிலிருந்து) குறுகிய வண்ணவெளிக்குப் படம் இறங்குகிறது. 16 பிட் 8 பிட்டாகிறது. கடைசியாக, கண்ணுக்குத் தெரியாது என்று கருதும் நுணுக்கங்களை ஜேபெக் முறை கழித்துவிடுகிறது. ஏற்றுமதிப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் நான்கும் ஒரே மூச்சில் நடந்துவிடுவதால், இவை தனித்தனி முடிவுகள் என்பதே பலருடைய கவனத்துக்கு வருவதில்லை. இந்த நான்கையும் நாமே, சரியான வரிசையில், மூலக் கோப்பிலிருந்து ஒரே ஒரு முறை செய்ய வேண்டும் என்பதும், 8 பிட்டுக்கு இறங்குவதை முடிந்தவரை கடைசிக்குத் தள்ளிப்போட வேண்டும் என்பதும்தான் நான் வலியுறுத்த விரும்புவது.

விளக்கத்துக்கு ஒரே படத்தை எடுத்துக்கொள்வோம். அந்தி மங்கும் நேரத்தில் கல்யாண மண்டபத்து மொட்டைமாடியில் நிற்கும் மணப்பெண். குங்குமச் சிவப்பில் காஞ்சிபுரம் பட்டு, மயில்கழுத்து நிறத்தில் அகலக் கரை, கரை நெடுகச் சரிகை. பின்னால் அடிவானத்து ஆரஞ்சிலிருந்து உச்சியின் கருநீலம் வரை சிறிது சிறிதாக மாறிக்கொண்டே போகும் வானம். சுருக்கும்போது கெடக்கூடியவை எல்லாமே இந்த ஒரு படத்தில் கூடியிருக்கின்றன. வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம், சிவப்பில் மடிப்பு தெரியாமல் போகலாம், மயில்கழுத்து வெறும் நீலமாகலாம், சரிகை மங்கலாம்.

16 பிட் எதற்குத் தேவைப்படுகிறது

8 பிட் கோப்பில் ஒரு சேனலுக்கு, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒவ்வொன்றுக்கும், 256 நிலைகள் உண்டு. 12 பிட் ராவில் 4,096 நிலைகள், 14 பிட் ராவில் 16,384 நிலைகள், 16 பிட் கோப்பில் 65,536 நிலைகள். 8 பிட்டிலேயே மூன்று சேனல்களும் சேர்ந்து சுமார் 1.67 கோடி நிறங்களைத் தந்துவிடுகின்றன. நம்மில் பெரும்பாலோர் பார்க்கும் திரைகளும் 8 பிட் அளவில்தான் காட்டுகின்றன. ஆகவே திருத்தி முடித்த படத்தைப் பார்ப்பதற்கு 8 பிட் போதும். அது போதாமல் போவது படத்தைத் திருத்திக்கொண்டிருக்கும்போதுதான்.

நம் படத்தில் வானத்தின் ஒரு பகுதி 800 பிக்சல் உயரத்துக்குப் பரவியிருக்கிறது என்றும், அந்த உயரத்தில் நீலச் சேனல் 150 என்ற நிலையிலிருந்து 190 வரை ஏறுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 8 பிட்டில் அந்த ஏற்றத்துக்கு 40 படிகளே கிடைக்கும். ஒவ்வொரு படியும் 20 பிக்சல் உயரமுள்ள ஒரு பட்டையாக இருக்கும். அடுத்தடுத்த இரண்டு நிலைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு மிகச் சிறியது என்பதால் பெரும்பாலும் இது கண்ணில் படாது. ஆனால் வானம் சற்று மந்தமாக இருக்கிறதே என்று கர்வ் கருவியைக் கொண்டு அதன் கான்ட்ராஸ்டை இரண்டு மடங்காக்கினால், அதே 40 படிகள் இரண்டிரண்டு நிலைகளாகத் தாவத் தொடங்கும், பட்டைகள் வெளிப்படையாகத் தெரியும். 16 பிட்டில் இதே ஏற்றத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இருப்பதால், எவ்வளவு இழுத்தாலும் இடைவெளி விழாது. எனவே வண்ணத் திருத்தம் முழுவதும் 16 பிட்டிலேயே முடிந்திருக்க வேண்டும். 8 பிட் ஜேபெக்கைத் திறந்து, மோடை 16 பிட்டுக்கு மாற்றிக்கொண்டு திருத்துவதால், தொலைந்த படிகள் திரும்பக் கிடைப்பதில்லை.

திருத்தம் முடிந்ததும் அந்த 16 பிட் கோப்பை மூலமாகச் சேமித்துவிட்டு, அதன் நகலில் லேயர்களை ஒன்றாக்கி, இனி வரும் வேலைகளை அந்த நகலில் மட்டும் செய்யுங்கள். மூலக் கோப்பைச் சேமிக்கும்போது டிஃப் சுருக்கமாக எல்இசட்டபிள்யூவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 16 பிட் புகைப்படங்களில் அது பல நேரம் கோப்பைப் பெரிதாக்கிவிடுகிறது. ஜிப் சுருக்கம் அந்தச் சங்கடத்தைத் தருவதில்லை.

வண்ணவெளி: பட்டு கெடுவது இங்கேதான்

அளவைக் குறைப்பதற்கு முன்னும் வண்ணவெளியை மாற்றலாம், பின்னும் மாற்றலாம். இரண்டும் 16 பிட்டில் நடந்தால் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு வராது. சிவப்பைக் கையால் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்பதால் நான் இதை முதலில் செய்துவிடுவேன்.

இணையத்தின் பொது வண்ணவெளி எஸ்ஆர்ஜிபி. ஹெச்பி நிறுவனமும் மைக்ரோசாஃப்டும் 1996இல் முன்வைத்து, 1999இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநிலையாக ஏற்கப்பட்டது இது. அன்றைய குழாய்த் திரைகள் காட்டக்கூடிய நிறங்களை ஒட்டி அமைக்கப்பட்டதால் அதன் எல்லை குறுகியது. அடோபி ஆர்ஜிபி பச்சைப் பக்கமும் பச்சைநீலப் பக்கமும் இன்னும் விரிந்தது. ரா கோப்பிலிருந்து ஃபோட்டோஷாப்புக்குப் படம் வரும்போது பலர் பயன்படுத்தும் புரோஃபோட்டோ ஆர்ஜிபி எல்லாப் பக்கமும் மிக விரிந்தது. புரோஃபோட்டோவில் சேமித்த படத்தை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றாமல், எண்கள் எந்த வண்ணவெளியைச் சேர்ந்தவை என்று சொல்லும் புரொஃபைலையும் நீக்கிவிட்டு இணையத்தில் ஏற்றினால், உலாவி அந்த எண்களை எஸ்ஆர்ஜிபி எண்களாகவே எடுத்துக்கொள்ளும். மணப்பெண்ணின் முகம் வெளிறிப் பச்சை படிந்து தெரிவதும், பட்டு சாயம் போனதுபோல் தெரிவதும் இதனால்தான்.

மெனுவில் ‘அசைன் புரொஃபைல்’ என்றும் ‘கன்வெர்ட் டு புரொஃபைல்’ என்றும் இரண்டு கட்டளைகள் அருகருகே இருக்கும். முதலாவது எண்களை அப்படியே வைத்துக்கொண்டு அவற்றின் பொருளை மாற்றுகிறது, அதனால் படத்தின் தோற்றம் மாறிவிடும். இரண்டாவது தோற்றம் மாறாதபடி எண்களை மாற்றுகிறது. நமக்கு வேண்டியது எப்போதும் இரண்டாவதுதான். கட்டளை கொடுத்ததும் திரையில் நிறங்கள் பெரிதாகத் தாவினால், தவறான கட்டளை கொடுக்கப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின்வாங்குங்கள்.

சரியாக மாற்றினாலும் எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்காத நிறங்களை என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. மாற்றும் பெட்டியில் பர்செப்சுவல், ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் போன்ற வழிகள் காட்டப்படும். பர்செப்சுவல் என்றால் எல்லா நிறங்களையும் மென்மையாக உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ஆனால் பரவலாகப் புழங்கும் எஸ்ஆர்ஜிபி புரொஃபைலில் அதற்குத் தேவையான அட்டவணை கிடையாது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் எல்லைக்கு வெளியே உள்ள நிறம் எல்லையில் போய் ஒட்டிக்கொள்ளும். பட்டின் ஒரு மடிப்பு எல்லைக்குச் சற்று வெளியிலும் அடுத்த மடிப்பு அதைவிட வெளியிலும் இருந்தால், மாற்றிய பிறகு இரண்டும் ஒரே சிவப்பாகிவிடும். நெய்த துணியாகத் தெரிந்த புடவை வெறும் வண்ணம் தடவிய பரப்பாகத் தெரியத் தொடங்கும்.

ஆகவே மாற்றுவதற்கு முன், மாற்றிய பிறகு படம் எப்படித் தெரியும் என்று முன்கூட்டியே காட்டும் சாஃப்ட் புரூஃப் வசதியை இயக்கி, இலக்காக எஸ்ஆர்ஜிபியைக் கொடுத்து, எல்லை மீறிய நிறங்களைச் சுட்டிக்காட்டும்படி கேளுங்கள். லைட்ரூம், ஃபோட்டோஷாப், டார்க்டேபிள், கிம்ப் எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. நம் படத்தில் புடவையின் வெளிச்சம் பட்ட மடிப்புகள் முழுதும் எச்சரிக்கை நிறத்தில் நிரம்பும். அப்போது சிவப்பின் செறிவை மட்டும் மெதுவாகக் குறைத்து, அதன் ஒளியையும் ஒரு சிட்டிகை இறக்கினால், மடிப்புகளுக்கு நடுவே நிழல் மீண்டும் தெரிய ஆரம்பிக்கும். எச்சரிக்கை முழுவதும் மறையும்வரை குறைக்க வேண்டியதில்லை. நெசவு தெரிகிறதா என்பதே அளவுகோல். சில புள்ளிகள் எல்லையில் ஒட்டிக்கொண்டிருந்தால் யாரும் கவனிக்கப்போவதில்லை. மயில்கழுத்துக் கரைக்கு வேறு வகையான கவனிப்பு தேவைப்படும். அந்தப் பச்சைநீலத்தின் செறிந்த பகுதி அடோபி ஆர்ஜிபிக்குள் அடங்கும், எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்காது. மாற்றும்போது நிறம் நீலத்தின் பக்கம் சாய்ந்தால், அந்தக் கரையின் சாயலைப் பச்சைப் பக்கம் சற்று நகர்த்தி, புடவையை நேரில் பார்த்த நினைவுக்கு மிக அருகில் எது வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஜவுளிக்கடைக்காகவோ நெசவாளருக்காகவோ படம் எடுப்பவர்கள் மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்கே கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் அவர்களுடைய படத்தைப் பார்த்துத்தான் ஒருவர் பணம் கொடுத்து அந்த நிறத்தை வாங்குகிறார்.

அளவும் கூர்மையும்

இணையப் பகிர்வுக்கு நீளப் பக்கம் 2048 பிக்சல் என்பது நல்ல பொது அளவு. நம் படம் 2048க்கு 1365 என்று ஆகும். பிக்சல்களின் எண்ணிக்கை 2.4 கோடியிலிருந்து 28 லட்சத்துக்கு இறங்கிவிடும். இன்ஸ்டாகிராமுக்கு என்று தனியாகச் செய்தால் அகலம் 1080 போதும். அளவை மாற்றும் பெட்டியில் அங்குலத்துக்கு 72 என்றும் 300 என்றும் ஓர் எண் வரும். அது அச்சுக்கான குறிப்பு. திரையில் பார்க்கும் படத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, கோப்பின் எடையையும் அது மாற்றாது.

அளவைக் குறைக்கும்போது பல பிக்சல்களின் சராசரிதான் ஒரு பிக்சலாகிறது. அந்தச் சராசரியை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது சரிகைக்கு முக்கியம். கோப்பில் உள்ள எண்கள் ஒளியின் அளவை நேராகக் குறிப்பவை அல்ல. காமா வளைவு ஒன்றின் வழியாக மாற்றப்பட்டவை. ஒரு கறுப்புப் பிக்சலையும் ஒரு வெள்ளைப் பிக்சலையும் சேர்த்து எண்களை மட்டும் சராசரி எடுத்தால் 128 வரும். ஆனால் பாதி ஒளியைக் குறிக்கும் எஸ்ஆர்ஜிபி எண் 188. எண்களை மட்டும் பார்த்துச் சராசரி எடுக்கும் மென்பொருளில் சரிகையின் மினுமினுப்பு, அதாவது இருண்ட இழைகளுக்கு நடுவே தெறிக்கும் சிறு ஒளிப்புள்ளிகள், உள்ளதைவிட மங்கலாகும். ஒளியின் நேர் அளவில் கணக்கிடும் மென்பொருளில் அது நிற்கும். டார்க்டேபிளில் ஏற்றுமதி செய்பவர்கள் உயர்தர மறுஅளவிடல் என்ற தெரிவை இயக்கினால் படம் முழு அளவில் திருத்தப்பட்ட பிறகே சிறிதாக்கப்படும். சரிகை, மல்லிகைச் சரம், தலைமுடி உள்ள படங்களுக்கு அது அவசியம்.

சிறிதாக்கிய படம் சற்று மழுங்கித் தெரியும். அதனால் கூர்மையூட்டுவதை அளவைக் குறைத்த பிறகே செய்ய வேண்டும். முன்பே செய்தால் அந்தக் கூர்மை சராசரியில் கரைந்துவிடும். அன்ஷார்ப் மாஸ்க் கருவியில் ரேடியஸை 0.3 முதல் 0.6 பிக்சலுக்குள் வைத்து, அளவை 50 சதவீதத்திலிருந்து மெல்ல ஏற்றி, படத்தை 100 சதவீதத்தில் பார்த்துக்கொண்டே நிறுத்துங்கள். நகை விளிம்பில் வெள்ளைக் கோடு எட்டிப்பார்த்தால் அளவு மீறிவிட்டது. வானத்தை மாஸ்க் போட்டு விலக்கிவிடுங்கள். வானத்தில் கூர்மைப்படுத்த எதுவும் இல்லை, அங்கே உள்ள நாய்ஸ், அதாவது மணல்போல் தெரியும் புள்ளிகள், மட்டும்தான் கூர்மையாகும்.

8 பிட்டுக்கு இறங்கும் இடம்

இப்போதுதான் 8 பிட். வானம் பட்டை பட்டையாவதற்கு இந்தப் படியைத்தான் பலரும் குறை சொல்கிறார்கள். அது முழு உண்மை இல்லை. கேமராவின் சென்சார் பதிவு செய்யும் எந்த வானத்திலும் இயல்பாகவே சிறிது நாய்ஸ் இருக்கும். அந்த நாய்ஸ் காரணமாக 163க்கும் 164க்கும் இடையே உள்ள எல்லை ஒரு நேர்க்கோடாக அமையாமல், இரு நிலைகளும் ஒன்றோடொன்று கலந்த பிக்சல்களாகச் சிதறி நிற்கும், கண் அதை ஒரே சீரான மாற்றமாகப் பார்க்கும். பட்டை விழுவது அந்த நாய்ஸ் போன பிறகு. நாய்ஸ் நீக்கும் கருவியை வானத்தில் அழுத்தமாகப் பயன்படுத்தியிருப்போம். அதன் மேல் படத்தைச் சிறிதாக்கும்போது சராசரி எடுப்பதால் எஞ்சிய நாய்ஸும் குறைந்திருக்கும். இப்படி மழமழவென்று ஆன வானத்தை 8 பிட்டுக்கு இறக்கினால் ஒவ்வொரு நிலையும் தன் எல்லையை வெட்டிக் காட்டும்.

இதற்கு மருந்து டிதரிங். 16 பிட் மதிப்பு இரண்டு 8 பிட் நிலைகளுக்கு நடுவே விழும்போது, எப்போதும் ஒரே பக்கம் தள்ளாமல், அருகருகே உள்ள பிக்சல்களில் சிலவற்றை மேல் நிலைக்கும் சிலவற்றைக் கீழ் நிலைக்கும் தள்ளிவிடுவதுதான் அதன் வேலை. கிம்ப் மென்பொருள் 2018இல் வெளியான 2.10 பதிப்பிலிருந்து உயர் பிட் ஆழத்தில் இயங்குகிறது; அதில் இமேஜ் மெனுவின் பிரிசிஷன் பகுதியில் 8 பிட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, டிதரிங் வேண்டுமா என்று ஒரு பெட்டி கேட்கும், வேண்டும் என்று சொல்லுங்கள். டார்க்டேபிளில் இதற்கென்றே ஒரு மாட்யூல் இருக்கிறது. எந்த மென்பொருளாக இருந்தாலும் கையால் செய்யக்கூடிய வழி ஒன்று உண்டு: 16 பிட்டில் இருக்கும்போதே வானத்தை மட்டும் தேர்வு செய்து, ஒற்றை நிறக் காஸியன் நாய்ஸை அரை முதல் ஒரு சதவீதம் வரை சேர்த்து, அதன் பிறகு 8 பிட்டுக்கு இறங்குங்கள். நாய்ஸை நீக்குவதற்காக அவ்வளவு பாடுபட்டுவிட்டு மீண்டும் அதைச் சேர்ப்பதா என்று தயங்க வேண்டாம். முன்பு இருந்தது பொட்டுப் பொட்டாகத் தெரிந்த நாய்ஸ். இப்போது சேர்ப்பது 100 சதவீதத்தில் உற்றுப்பார்த்தால் மட்டுமே தெரியும் மெல்லிய மணல்.

பட்டை உண்மையில் கோப்பில் இருக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். மென்பொருளில் படத்தைச் சிறிதாக்கிப் பார்க்கும்போது, கோப்பில் இல்லாத பட்டைகள், வேகத்துக்காக அது காட்டும் முன்தோற்றத்தில் தெரிவதுண்டு. மலிவான திரைகள் தாமாகவே பட்டைகளை உண்டாக்குவதும் உண்டு. 100 சதவீதத்திலும், வேறொரு திரையிலும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஜேபெக்: தர எண்ணின் உள்ளே நடப்பது

1992இல் தரநிலையாக வெளிவந்த ஜேபெக்கின் அடித்தளம் ஒரு கணித உருமாற்றம். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974 ஜனவரியில் வெளியிட்ட கட்டுரையின் வழியாக உலகுக்கு வந்த தனித்த கொசைன் உருமாற்றம் அது. நாம் இணையத்தில் பார்க்கும் புகைப்படங்களில் பெரும்பகுதி இந்த மூவரின் கணக்கின் வழியாகத்தான் நம்மிடம் வந்து சேர்கிறது என்பதை நம் ஊர்ப் பாடப்புத்தகங்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

படத்தை முதலில் ஒளி ஒரு பக்கமும் நிறம் ஒரு பக்கமுமாகப் பிரித்து, 8க்கு 8 பிக்சல் கொண்ட கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் மெதுவான மாற்றங்கள், வேகமான மாற்றங்கள் என்று 64 எண்களாக மாற்றுவார்கள். பிறகு ஒவ்வோர் எண்ணையும் ஓர் அட்டவணையில் உள்ள எண்ணால் வகுத்து முழு எண்ணாக்குவார்கள். இழப்பு நடக்கும் இடம் அதுதான். மிகப் பரவலான ஜேபெக் நிரல் தொகுப்பில் தரம் 50 என்று கொடுத்தால் அட்டவணையின் முதல் எண் 16, கடைசி எண் 99. தரம் 90 என்றால் அவை 3 என்றும் 20 என்றும் குறையும். வகுக்கும் எண் பெரிதாக இருந்தால் சிறிய, வேகமான மாற்றங்கள் எல்லாம் பூஜ்ஜியமாகிவிடும். வானத்தில் நாம் சேர்த்த மெல்லிய மணல் துல்லியமாக அந்த வகையைச் சேர்ந்தது. தரத்தை 70 என்று வைத்தால் டிதரிங் முழுவதும் துடைக்கப்பட்டு, வானம் சதுரம் சதுரமாகப் பெயர்ந்து தெரியும். எனவே வானம், மூடுபனி, வெறும் சுவர் போன்ற சீரான பரப்புள்ள படங்களுக்கு 90 முதல் 94 வரை வையுங்கள். கூட்டம், தோப்பு, கோபுரச் சிற்பம் என்று நுணுக்கம் நிறைந்த படங்களுக்கு 80 முதல் 85 வரை போதும், அங்கே இழப்பு கண்ணில் படாது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விவரம் குறைந்த படம்தானே என்று வானத்துக்குத் தரத்தைக் குறைக்கிறார்கள்.

தர எண் சதவீதம் அல்ல, மென்பொருளுக்கு மென்பொருள் அதன் பொருள் மாறும்; ஃபோட்டோஷாப்பின் சேமிப்புப் பெட்டியில் அது 12 வரைதான் போகும். ஒரு மென்பொருளில் பழகிய எண்ணை இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல், ஓரிரு படங்களில் சோதித்து அந்தந்த மென்பொருளுக்கான எண்ணைக் கண்டுகொள்ளுங்கள்.

பல மென்பொருள்களின் சேமிப்புப் பெட்டியில் சப்சாம்பிளிங் என்ற தெரிவும் இருக்கும். 4:2:0 என்றால் நிறத் தகவல் அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கப்படும், அதாவது நான்கு பிக்சல்களுக்கு ஒரு நிறம். நம் கண் ஒளியை நுணுக்கமாகவும் நிறத்தைச் சற்று மொத்தமாகவும் பார்ப்பதால் பெரும்பாலான படங்களில் இது தெரியாது. சிவப்புப் பட்டு மயில்கழுத்துக் கரையைச் சந்திக்கும் கோட்டில் தெரியும். நெற்றியில் இட்ட குங்குமத்தின் விளிம்பிலும் தெரியும், சிவப்பு வெளியே கசிந்ததுபோல் இருக்கும். இத்தகைய படங்களுக்கு 4:4:4 என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்பு சற்றுப் பெரிதாகும், அது கொடுக்கத் தகுந்த விலை. ஃபோட்டோஷாப்பில் இதற்குத் தனித் தெரிவு கிடையாது, தரத்தை உயர்வாக வைத்தால் அதுவே நிறத்தை முழுதாக வைத்துக்கொள்ளும். புரோகிரசிவ் என்ற தெரிவை இயக்கினால் மெதுவான இணைப்பிலும் படம் முதலில் மங்கலாக முழுதும் வந்து பிறகு தெளியும். இவ்வளவும் செய்த பிறகு நம் படம் பெரும்பாலும் அரை எம்பிக்கும் ஒரு எம்பிக்கும் இடையில் வந்து நிற்கும்.

கோப்போடு சேர்ந்து போகும் மற்றவை

எஸ்ஆர்ஜிபி புரொஃபைலைக் கோப்பில் பதித்தே அனுப்புங்கள். சில கேபி மட்டுமே கூடும், நிறம் தவறாகக் காட்டப்படும் வாய்ப்பு பெருமளவு குறையும். கேமரா கோப்போடு சேர்த்துப் பதியும் எக்ஸிஃப் தகவலில் படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பு இருக்கலாம். மண்டபம் என்றால் பரவாயில்லை. மணப்பெண்ணின் வீட்டில் எடுத்த படம் என்றால் அந்த வீட்டின் இருப்பிடம் படத்தோடு ஊர் முழுக்கப் போகும் என்பதை நினைவில் கொண்டு, ஏற்றுமதிப் பெட்டியிலேயே இடக் குறிப்பை நீக்கிவிட்டு, உரிமைக் குறிப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸிஃபுக்குள் ஒரு சிறு முன்தோற்றப் படமும் ஒளிந்திருக்கும். சில மென்பொருள்கள் படத்தை வெட்டிய பிறகும் அந்தப் பழைய முன்தோற்றத்தை மாற்றாமல் விட்டுவிடுகின்றன. வேண்டாம் என்று வெட்டிய முகமோ வண்டி எண்ணோ அதில் அப்படியே இருக்கும். ஏதேனும் காரணத்துக்காக வெட்டி மறைத்த படம் என்றால் முன்தோற்றத்தையும் நீக்கிவிட்டுத்தான் பகிர வேண்டும்.

சமூக ஊடகத்தில் ஏற்றினால் பெரும்பாலும் அந்தத் தளம் தன் பங்குக்கு ஒருமுறை மறுபடி சுருக்கும். அதைத் தடுக்க முடியாது. ஆனால் அளவு முன்கூட்டியே பொருந்தியிருந்தால் குறைந்தது பிக்சல்களின் எண்ணிக்கையையாவது மாற்றாமல் விடும். வாட்ஸாப்பில் புகைப்படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் கோப்பு தொடப்படாமல் போய்ச் சேரும். குடும்பத்தார் அச்சுப் போடக் கேட்கும் படங்களை அப்படித்தான் அனுப்ப வேண்டும்.

புதிய வடிவங்களைப் பற்றியும் கேட்பார்கள். 10, 12 பிட் ஆழத்தையும் தாங்கும் ஏவிஐஎஃப் வடிவத்தைக் குரோம் 2020இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2021இலும் சஃபாரி 2022இலும் ஏற்றுக்கொண்டுவிட்டன. சொந்த இணையதளம் வைத்திருப்பவர்கள் அதை முதன்மையாகவும் ஜேபெக்கைத் துணையாகவும் கொடுக்கலாம், அந்தி வானத்துக்கு அது மிக நன்றாக ஒத்துவருகிறது. வெப்பி வடிவத்தின் இழப்புள்ள முறை 8 பிட்டோடு நிற்கிறது, நிறத்தையும் எப்போதும் பாதியாக்கிவிடுகிறது; பட்டுப் படங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பிஎன்ஜி 16 பிட்டைத் தாங்கும் என்றாலும் புகைப்படத்துக்கு அதன் எடை ஒத்துவராது. யாருடைய பழைய கைபேசியிலும் திறக்க வேண்டும் என்றால் இன்றும் ஜேபெக்தான்.

இந்தப் படிகளை ஒருமுறை ஒரு படத்துக்குச் சரியாக அமைத்துவிட்டால், அளவு, புரொஃபைல், தரம், சப்சாம்பிளிங் ஆகியவற்றை மென்பொருளில் பிரீசெட்டாகச் சேமித்து ஆல்பம் முழுவதற்கும் பயன்படுத்தலாம். வானம் பெரிதாக உள்ள படங்களுக்கு ஒன்றும் மற்றவற்றுக்கு ஒன்றுமாக இரண்டு பிரீசெட் இருந்தால் போதும். செறிந்த சிவப்பும் பச்சைநீலமும் உள்ள படங்களை மட்டும் பிரித்தெடுத்து, சாஃப்ட் புரூஃபில் ஒவ்வொன்றாகப் பாருங்கள், அந்த வேலையை எந்தப் பிரீசெட்டும் செய்யாது. ஏற்றுமதியாகும் ஜேபெக்குகள் மூலக் கோப்புகள் உள்ள கோப்புறையில் விழாமல் தனிக் கோப்புறையில் விழும்படி அமையுங்கள். பின்னர் யாராவது பெரிய அளவில் கேட்டாலோ நிறத்தைச் சற்று மாற்றக் கேட்டாலோ, அந்த ஜேபெக்கைத் திறந்து திருத்தி மறுபடி சேமிக்காமல், 16 பிட் மூலத்திலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துக் கொடுங்கள்.